என் பாட்டின் இரண்டாம் அடியைத் திருப்பித் தாருங்கள்: சபைச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

போதகர் ஐயாவுக்கும், செயற்குழு மூப்பர்களுக்கும், புதிய பாட்டு நூலைத் தொகுக்கும் குழுவினருக்கும்,

போன சனிக்கிழமை மாலை ஒத்திகையின்போது மூன்றாவது பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். கொயர் பிள்ளைகள் என் பாட்டை எடுத்தார்கள். முதல் அடி சரியாக வந்தது. இரண்டாம் அடியில் வேறு சொற்கள். யாரோ தவறிப் பாடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். திரும்பப் பாடியபோதும் அதே சொற்கள்தான் வந்தன, அத்தனை பேர் வாயிலிருந்தும். முடிந்ததும் கீபோர்டு வாசிக்கும் தம்பியிடம் கேட்டேன். "அக்கா, அது குழுவில திருத்தினது. உங்களுக்குச் சொல்லலையா?" என்றான்.

சொல்லவில்லை. அன்றிரவும் அடுத்த நாளும் குழுவுக்கு வாட்ஸாப்பில் எழுதினேன். "பேசிக்கொள்கிறோம், அக்கா" என்று ஒரு வரி வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. புத்தகம் அச்சுக்குப் போகும் நாள் நெருங்கிவிட்டது. ஆகவே எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

உங்களில் பலர் திருத்திய வடிவத்தை மட்டுமே பார்த்திருப்பீர்கள். பிறவியிலேயே பார்வை இல்லாத நான் எழுதிய பல்லவி இது:

இருளென்று சொல்வார் எனைப்பார்த்த பேர்கள்
அருகென்று சொல்வேன் அதைநானும் தேவா

அச்சுக்குத் தயாராக இருப்பது இது:

இருளென்று சொல்வார் எனைப்பார்த்த பேர்கள்
ஒளிதந்து மீட்டீர் உமைப்பாடுவேனே

முதலில் தொழிலைப் பேசுவோம். 'இருளென்று', 'அருகென்று' என்று இரண்டு அடியிலும் இரண்டாம் எழுத்து ஒன்றி வருகிறதே, அதுதான் எதுகை. பாடும் வாய்க்கு அதுதான் கைப்பிடி. பாட்டு நூல் கையில் இல்லாதவரும், எழுத்தே தெரியாதவரும் அடுத்த அடியைப் பிடித்துக்கொள்வது அதை வைத்துத்தான். அதை எடுத்துவிட்டீர்கள். போகட்டும். 'சொல்வார்' என்று ஒரு கூட்டம் சொல்கிறது, 'சொல்வேன்' என்று நான் பதில் சொல்கிறேன். பல்லவி நிற்பதே அந்தப் பதிலில்தான். உங்கள் திருத்தத்தில் ஊரார் என்னைப் பார்த்து ஒன்று சொல்கிறார்கள், நான் பேச்சை மாற்றிவிட்டு வேறு எதையோ பாடிக்கொண்டு போகிறேன். ஒரு கேள்வியைத் தூக்கி வைத்துவிட்டுப் பதில் சொல்லாமல் ஓடும் பாட்டை நான் எழுதுவதில்லை. கெட்ட பாட்டு எழுதியிருக்கிறேன், நிறையவே. இப்படி எழுதியதில்லை.

சரி, ஏன் மாற்றினீர்கள்? எனக்குக் காதுவழி வந்த காரணம் இது: வேதத்தில் இருள் பாவத்துக்கு அடையாளம், அதைத் தேவனுடைய அருகாமை என்று பாடினால் சபை குழம்பிப்போகும்.

தேவன் ஒளியாயிருக்கிறார் என்று யோவான் எழுதியதை நான் மறுக்கவில்லை. 'வெளிச்சம்' என்ற சொல்லை என் பாட்டுகளிலும் போட்டிருக்கிறேன். எனக்கு அது கடன் வாங்கின சொல், பக்கத்து வீட்டுச் சட்டி மாதிரி. பத்திரமாகப் பயன்படுத்தித் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஆனால் அதே வேதத்தில் யாத்திராகமம் 20-ஆம் அதிகாரம் 21-ஆம் வசனத்தைத் திறந்து பாருங்கள். ஜனங்கள் தூரத்தில் நிற்க, மோசே மட்டும் தேவன் இருந்த கார்மேகத்துக்குச் 'சமீபமாய்' போகிறான். தேவாலயத்தைக் கட்டி முடித்த சாலொமோன், காரிருளில் வாசம்பண்ணுவேன் என்று கர்த்தர் சொன்னதை நினைவுபடுத்துகிறான். அது முதலாம் இராஜாக்கள் 8-ஆம் அதிகாரம். 139-ஆம் சங்கீதத்தில் இருளும் வெளிச்சமும் அவருக்கு ஒன்றுதான். என் 'அருகு' அந்தச் 'சமீபத்தி'லிருந்து வந்தது. கேட்டிருந்தால் அதிகாரம், வசனத்தோடு சொல்லியிருப்பேன். வேதத்தில் பாதியைக் காதால் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தவள் நான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் கண்ணை மூடினால் இருட்டு தெரிகிறது. அதைத்தான் நான் நாள் முழுதும் பார்க்கிறேன் என்று நினைக்கிறீர்கள். பிறவியிலேயே பார்வை இல்லாதவளுக்கு இருட்டும் தெரியாது. உங்கள் முதுகுக்கு என்ன தெரிகிறது? இருட்டா தெரிகிறது? ஒன்றும் தெரியவில்லை, இல்லையா? எனக்கும் அவ்வளவுதான். 'இருள்' என்பது நீங்கள் எனக்கு வைத்த பெயர். அதனால்தான் 'சொல்வார்' என்று எழுதினேன். அந்த ஒரு சொல்லுக்காக மூன்று நாள் நடந்தேன்.

இப்போது நீங்கள் போட்டிருக்கும் அடிக்கு வருகிறேன். 'ஒளிதந்து மீட்டீர்.' எனக்கு அவர் ஒளி தரவில்லை, ஐயா. நான் கேட்கவும் இல்லை. தராத ஒன்றைத் தந்தார் என்று என் பெயரைப் போட்டு, என்னையே ஆராதனையில் பாடச் சொல்கிறீர்கள்.

அடுத்த மாதப் பாட்டு மாலை விஷயத்தையும் இங்கேயே பேசிவிடுகிறேன். இரண்டும் ஒரே விஷயம்தான். நிகழ்ச்சிக் குறிப்பு எனக்குப் படமாக வந்தது. என் போன் அதைத் தொட்டால் "படம்" என்று மட்டும் சொல்லும். மகள் வாசித்துக் காட்டினாள். பார்வையற்ற அமெரிக்க ஞானப்பாட்டாசிரியை ஃபேனி கிராஸ்பியின் வாழ்க்கை வரலாறு, பிறகு அவருடைய பாட்டுகள், அப்புறம் 'நம் சபையின் கண்ணில்லாத சகோதரியின் சாட்சி, 7 நிமிடம்'. கடைசியில் கொயர் என் பாட்டைப் பாடும். அந்த இடத்தில் என் பெயர் இல்லை. சாட்சியில் இருக்கிறேன், பாட்டில் இல்லை.

கிராஸ்பியைப் பற்றி நீங்கள் எழுதியிருக்கும் உரையையும் கேட்டேன். பிறந்து ஆறு வாரத்தில் கண்ணில் வந்த நோய், சூடான கடுகுப் பற்று போட்ட போலி மருத்துவன், போன பார்வை, அவர் முறுமுறுக்காமல் வாழ்ந்தது. முக்கால்வாசி உரை கண்ணிலேயே நிற்கிறது. பாட்டுக்கு இரண்டு வாக்கியம்.

நான் அவரை வேறு விதமாகத் தெரிந்துவைத்திருக்கிறேன். 1820-ல் பிறந்தவர். 1835-ல் நியூயார்க் பார்வையற்றோர் பள்ளியில் மாணவியாகச் சேர்ந்து, பிறகு அங்கேயே ஆசிரியையாக 1858 வரை இருந்தார். ஞானப்பாட்டுக்கு வரும் முன்பே ஜார்ஜ் ரூட் என்ற இசைக்காரரோடு சேர்ந்து, ஊரெல்லாம் பாடிய சாதாரணப் பாட்டுகளை எழுதினார். ஞானப்பாட்டுகளுக்கு மெட்டுப் போட்டுப் பதிப்பித்த வில்லியம் பிராட்பரிக்கு முதல் ஞானப்பாட்டு எழுதிக் கொடுத்தது 1864-ல். அப்போது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு 8,000-க்கும் மேலே எழுதினார். ஒரு பாட்டுக்குக் கிடைத்தது ஒன்றிரண்டு டாலர். ஒரே புத்தகத்தில் ஒரே ஆளின் பாட்டு இத்தனை இருந்தால் நன்றாயிருக்காது என்று பதிப்பாளர்கள் அவருக்கு ஏறக்குறைய 200 புனைபெயர்கள் போட்டார்கள். (பெயரை எடுத்துவிடும் பழக்கம் பழையதுதான் போலிருக்கிறது.) பல பாட்டுகளை மனதிலேயே முடித்து அடுக்கி வைத்துக்கொண்டு, எழுதுகிறவர் வந்ததும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்வாராம். இதெல்லாம் வேலை. தினசரி வேலை, கெடு வைத்த வேலை. 1868-ல் டோன் என்ற மெட்டுக்காரர் ரயிலுக்கு 40 நிமிடம் இருக்கும்போது வந்து ஒரு மெட்டைப் பாடிக் காட்டினார். அவர் கிளம்புவதற்குள் பாட்டு தயார்.

எனக்குப் பிடித்தது 1873-ல் நடந்தது. தோழி ஃபீபி நாப் தான் போட்ட மெட்டை வாசித்துவிட்டு, இந்த மெட்டு என்ன சொல்கிறது என்று கேட்டார். கிராஸ்பி சொன்ன பதிலே அந்தப் பாட்டின் முதல் அடியாகிவிட்டது. 'பிளெஸ்ட் அஷூரன்ஸ்'. நம் ஆங்கில ஆராதனையில் பாடாத மாதம் உண்டா? அங்கே நாப் கேட்டது மெட்டைப் பற்றி. நம் சபையில் இத்தனை வருஷத்தில் என்னிடம் மெட்டைப் பற்றிக் கேட்டவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். "எப்படிம்மா கண்ணில்லாம சமையல் பண்றீங்க?" என்று கேட்டவர்களை எண்ண முடியாது.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன், நான் எப்படி எழுதுகிறேன் என்று.

பிரிக்பீல்ட்ஸில் குடியிருப்பவர்களுக்கு மஞ்சள் ஓடு பதித்த நடைபாதை தெரியும். நீளக் கோடாக இருந்தால் நட, வட்டப் புள்ளியாக இருந்தால் நில் அல்லது திரும்பு. 26 வருஷம் ஓர் அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தேன். காலையிலும் மாலையிலும் அந்தக் கோட்டில் கோலைத் தட்டிக்கொண்டு நடந்தேன். கோல் தட்டுவது எனக்குத் தாளம். ஆதி தாளத்துக்கு எட்டு எட்டு. ஏழு எண்ணுகிற மிசிர சாப்பு என்றால் கொஞ்சம் நொண்டி நடக்க வேண்டும், தெருவில் பார்க்கிறவர்கள் உதவிக்கு ஓடி வந்துவிடுவார்கள். பல்லவி தாளத்தில் உட்காரும் வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு நடப்பேன். கோட்டின் மேல் யாராவது மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருந்தால் தாளம் அங்கே முறியும். என் பாட்டுகளில் சில சரணங்கள் சட்டென்று முடிவதற்குக் காரணம் பக்தி இல்லை, பார்க்கிங்.

வீட்டுக்கு வந்து, விரலால் தடவி வாசிக்கும் பிரெயில் புள்ளிகளை ஸ்லேட் என்கிற சட்டத்தில் குத்துவேன். ஆணியால் வலமிருந்து இடமாகக் குத்தி, தாளைத் திருப்பிப் போட்டு இடமிருந்து வலமாகத் தடவி வாசிக்க வேண்டும். தமிழ் பிரெயில் எனக்குப் பள்ளியில் கிடைக்கவில்லை, பெரியவளான பிறகு ஒரு தோழியிடம் கற்றேன். ஒரு வேடிக்கை சொல்கிறேன். நீங்கள் 'கெ' எழுதும்போது கொம்பை முதலில் போட்டுவிட்டு 'க' போடுகிறீர்கள். எங்களுக்கு வாயில் வருகிற வரிசைதான்: முதலில் 'க', பிறகு 'எ'. ஆனால் மெய்யெழுத்துக்குப் புள்ளி முன்னாலேயே வந்துவிடும். வரப்போகிற எழுத்து ஊமை என்று விரலுக்கு முதலிலேயே தெரிந்துவிடும். அதனால் 'சொல்வேன்' என்ற சொல்லில் நாக்கு எங்கே நிற்கிறது, எங்கே ஓடுகிறது என்பது என் விரலுக்கு அத்துபடி. இப்படித் தடவித் தடவி வைத்த சொல்லைத்தான் நீங்கள் ஒரு கூட்டத்தில், தேநீருக்கு முன்பு, மாற்றினீர்கள்.

அடுத்தது திரை. மூன்று வருஷத்துக்கு முன் புரொஜெக்டர் வந்தது. எனக்கு அதன்மேல் கோபமில்லை, இளம் பிள்ளைகளுக்கு அது வேண்டும். ஆனால் அது வந்த நாளிலிருந்து, அடுத்த அடியை முன்கூட்டிச் சொல்லும் பழக்கம் நின்றுபோனது. அந்தப் பழக்கம் எனக்காக வந்ததல்ல. என் அம்மாச்சி ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டினவர். கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரல்தான். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்று, மத்தியானம் பாலைக் கொட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தகரக் கூரைக் கோயிலுக்குப் போவார்கள். உபதேசியார் ஓர் அடி சொல்வார், சனம் பாடும். அடுத்த அடி சொல்வார், சனம் பாடும். அப்படித்தான் வாசிக்கத் தெரியாத அம்மாச்சிக்கு நூற்றுக்கு மேல் கீர்த்தனைகள் தெரிந்தன, நான்காம் சரணம் உட்பட. எனக்கு வந்ததும் அவர் வாயிலிருந்துதான். தஞ்சாவூரில் கிறிஸ்தவக் கீர்த்தனைகள் எழுதிய வேதநாயக சாஸ்திரியார் காலத்துப் பல்லவியும் அனுபல்லவியும் கடல் தாண்டி நம் தோட்டங்களுக்கு வந்து நிலைத்ததில் அச்சுப் புத்தகத்துக்குப் பாதிப் பங்கு, இப்படிச் சொல்லிக் கொடுத்த வாய்களுக்குப் பாதிப் பங்கு.

இன்று புதுப் பாட்டு வந்தால் நான் முதல் சரணத்தைக் கேட்டுக்கொண்டு நிற்கிறேன், இரண்டாம் சரணத்தில் பல்லவியை மட்டும் பாடுகிறேன், அதற்குள் பாட்டு முடிந்துவிடுகிறது. வெள்ளெழுத்து வந்த பெரியவர்கள் பலரும் என் பக்கத்தில் அப்படியே நிற்கிறார்கள். அவர்கள் உங்களிடம் சொல்ல மாட்டார்கள். வாய் அசைவது உங்களுக்குத் தெரியும், சத்தம் வராதது எனக்குத் தெரியும்.

அதே சமயத்தில்தான் என்னைக் கொயரிலிருந்து கீழே உட்காரச் சொன்னீர்கள். புது மேடைக்கு மூன்று படி, கைப்பிடி இல்லை, டிரம்ஸ் வயர் குறுக்கே ஓடுகிறது. "விழுந்துடுவீங்க அக்கா" என்று அன்பாகத்தான் சொன்னீர்கள். பார்வையற்றவன் முன்னே தடுக்கலை வைக்காதே என்று லேவியராகமம் 19-ல் இருக்கிறது. தடுக்கலை அங்கேயே விட்டுவிட்டு என்னை நகர்த்தியிருக்கிறீர்கள்.

சட்டம் பேச எனக்கு ஆசையில்லை. ஆனாலும் தெரிந்திருக்கட்டும். மலேசியாவில் 2008-லேயே மாற்றுத்திறனாளர் சட்டம் வந்துவிட்டது. 2010-ல் நம் நாடு ஏற்றுக்கொண்ட ஐ.நா. மாற்றுத்திறனாளர் உரிமை உடன்படிக்கையின் 30-ஆவது பிரிவு, எங்களைப் போன்றவர்களின் படைப்பாற்றல் எங்கள் நன்மைக்கு மட்டுமின்றிச் சமூகத்துக்கும் வளம் சேர்ப்பது என்கிறது. பார்வையற்றோருக்கு வாசிக்கக்கூடிய வடிவில் நூல்கள் கிடைக்க வழிசெய்யும் மராக்கேஷ் ஒப்பந்தத்திலும் 2022-ல் சேர்ந்துவிட்டோம். இதில் எதையும் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போகப்போவதில்லை. என் ஞானஸ்நானமும் கல்யாணமும் இந்தச் சபையில்தான். என் வீட்டுக்காரரை அடக்கம் செய்தபோது பாடியதும் இந்தக் கொயர்தான். அன்று நான்கு சரணத்தையும் திரையில்லாமல் பாடினார்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான்.

புத்தகம் அச்சுக்குப் போகும் முன் இரண்டாம் அடியைப் பழையபடி போடுங்கள். அது சபைக்கு ஆகாது என்று உண்மையாகவே நினைத்தால் என்னைக் கூப்பிட்டு விவாதியுங்கள். நான் தோற்றால் வேறு அடி எழுதித் தருகிறேன், எதுகையோடு. அதற்கும் நேரமில்லை என்றால் பாட்டையே எடுத்துவிடுங்கள். நான் எழுதாத அடியின் கீழ் என் பெயர் வேண்டாம். இது எனக்கு மட்டுமல்ல. அந்த நூலுக்குப் பாட்டுக் கொடுத்தவர்களில் உயிரோடிருக்கும் ஒவ்வொருவருக்கும் திருத்தத்தைக் காட்டி ஒப்புதல் வாங்குங்கள்.

பாட்டு மாலையில் சாட்சி சொல்ல நான் வரவில்லை. அந்த 7 நிமிடத்தை எனக்குப் பாட்டுக்காகத் தாருங்கள். சபையை ஓர் அடி சொல்லிப் பாடவைக்கிறேன், திரையை அணைத்துவிட்டு. கிராஸ்பியின் உரையையும் திரும்ப எழுதுங்கள். வேண்டுமானால் நானே எழுதித் தருகிறேன், கடுகுப் பற்றுக்கு ஒரு வாக்கியம் போதும்.

ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுகளின் வரிகளை வாட்ஸாப்பில் எழுத்தாக அனுப்புங்கள். திரைக்காக எப்படியும் யாரோ தட்டச்சு செய்கிறார்கள், அதையே ஒட்டினால் போதும், செலவு ஒரு சென் கூட இல்லை. புதுப் பாட்டு பாடும் நாளில் தலைவர் ஒவ்வொரு சரணத்தின் முதல் அடியையாவது முன்கூட்டிச் சொல்லட்டும். மேடைப் படிக்கு ஒரு கைப்பிடி வையுங்கள், வயரை ஓரமாகக் கொண்டுபோய் ஒட்டுங்கள். ஆல்டோ என்கிற தாழ்ந்த பெண்குரல் வரிசையில் என் இடம் இடப்பக்கக் கடைசி. அதை எனக்குத் திருப்பித் தாருங்கள்.

பாட்டு நூல் குழுவில் பாட்டு எழுதுகிறவர் ஒருவரும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. என்னைச் சேருங்கள், அல்லது வேறு யாராவது எழுதுகிறவரைச் சேருங்கள்.

செயற்குழு அடுத்த வாரம் கூடுகிறது என்று கேள்விப்பட்டேன். முடிவை எனக்கு எழுதி அனுப்புங்கள். கடிதத்தைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டாம். போன் "படம்" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும்.

இப்படிக்கு,
மூன்றாவது பெஞ்சு, நடைபாதை ஓரம்,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்